கொல்லையைச் சுற்றிக் கட்டாத கம்பி

ஆய்வகத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. மதியம் வெளியே வந்து பார்த்தபோதுதான் செய்தி தெரிந்தது. செல்வராணி அக்கா காலையில் மாரடைப்பில் காலமாகிவிட்டார். கையில் இன்னும் ஸ்பிரிட் வாடை. அவரோடு சேர்ந்து வருஷக்கணக்கில் சுவாசித்த வாடை.

ஓசூர்ப் பக்கம் ஒரு மருந்துக் கம்பெனியில், தரப் பரிசோதனைப் பிரிவில் அவர் எனக்கு மூத்தவர். திடீரென்று வேலையை விட்டுவிட்டு, பென்னாகரம் பக்கம் யானைகளுக்காக உழைக்கும் சிறு குழுவில் சேர்ந்தார். "மாத்திரையப் பாத்துப் பாத்து கண்ணு வெளுத்துப் போச்சுடி. கொஞ்சம் பச்சையப் பாத்துட்டு வர்றேன்" என்றார். திரும்பி வரவேயில்லை.

போன புதிதில், காட்டில் மாட்டும் கேமராக்களை ஆய்வகப் பழக்கத்தில் ஸ்பிரிட் போட்டுத் துடைத்திருக்கிறார். புது வாடையை மோந்து பார்க்க யானைகள் நெருங்கி வந்துவிட்டன. படங்களில் முழு யானை ஒன்றுகூட இல்லை. தும்பிக்கை நுனி, மூச்சு படிந்த மங்கல், பனிக்குள் மிதக்கும் ஒற்றைக் கண். குழுவே விழுந்து விழுந்து சிரித்ததாம். அந்தக் கண்ணை எனக்கு அனுப்பியிருந்தார். பார்த்துக்கொண்டே இருந்தால், விழித்திருக்கிறேனா கனவா என்றே தெரியாது.

காட்டோரக் கொல்லையில் ராகி போட்டிருந்த மாது அண்ணன், அறுப்புக்கு முன் அதைச் சுற்றிக் கரண்டுக் கம்பி கட்டக் கிளம்பினார். கட்டியிருந்தால் அவ்வழியே வரும் யானைக் கூட்டம் பிழைத்திருக்காது. அக்கா போய் நின்றார்.

"ஆனை வந்தா எனக்கு போன் பண்ணுங்கண்ணா. ஆளோட வந்து ஓட்டி வுடறேன்."

"உங்க ஆனைக்கு நான் ஏங்க சோறு போடணும்?"

முணுமுணுத்தாலும் கம்பியைச் சுருட்டி வைத்தார். அவரைப் பார்த்து அக்கம்பக்கத்தாரும் சுருட்டி வைத்தார்கள். ஒருமுறை அக்கா போய்ச் சேர்வதற்குள் மாது அண்ணனின் பாதிக் கொல்லையை யானைகள் தின்றுவிட்டன. விடிந்ததும் அக்கா அரிவாளோடு போய், திட்டு வாங்கிக்கொண்டே மிச்சத்தை அவரோடு அறுத்துக் கொடுத்தார்.

அக்கா வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். அக்கா தூங்குவதுபோலத்தான் இருந்தார். எனக்கு அழுகை அடங்கவில்லை. வாசலில் மாது அண்ணன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அப்போது அக்காவின் போன் அடித்தது. அவர் தம்பி எடுத்தார். "மேடம், ஆனை எறங்குது. கம்பிய மாட்டட்டுங்களா?" என்ற பக்கத்துக் கொல்லைக்காரரின் குரல் எங்களுக்கும் கேட்டது.

மாது அண்ணன் எழுந்து போனை வாங்கினார்.

"மாட்டாத. மேடம் இல்ல. நான் வர்றேன்."

குழு ஆட்கள் இருவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். மங்கிய வெளிச்சத்தில் வண்டிப் புழுதி மலைப்பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது.

அக்கா, உங்களைத் தூக்கும்வரைகூட அவர் இருக்கவில்லை. நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள்.