மூன்று தேசத்துக்குச் சேர்த்த பிடியரிசி

ஆராதனை முடிந்து ஆசீர்வாதம் கூறுவதற்கு முன் ஐயர் ஒரு காகிதத்தை எடுத்து வாசித்தார். எங்கள் சபைக் குருவானவரைத் தென்காசியில் நாங்கள் எல்லாரும் ஐயர் என்றுதான் சொல்வோம். அடுத்த வருஷம் தை மாதம் நம் சபையிலிருந்து நாலு பேர் இலங்கைக்கும், அங்கிருந்து மலேயாவுக்கும், திரும்பும் வழியில் பர்மாவுக்கும் போகிறார்கள். தோட்டங்களிலும் ஆலைகளிலும் கூலிவேலை செய்யும் நம் ஜனங்களுக்கு நற்செய்தி சொல்லி வருவார்கள். வழிச்செலவை நாமேதான் சேர்க்க வேண்டும் என்றார். பிறகு நாலு பேரையும் வாசித்தார். அவர், அவருடைய மனைவி, ஆர்மோனியம் வாசிக்கும் பாட்டு வாத்தியார். நாலாவது நான்.

என்னிடம் யாரும் முன்கூட்டிக் கேட்கவில்லை. எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. பெண்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். என் கணவர் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவர். கல்யாணமான ஐந்தாம் வருஷம் விஷக்காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை இல்லை.

கோயில் வாசலில் ஐயரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒன்னயப் போட்டதுக்கு ஒண்ணும் நெனச்சுக்கிடாத. பொம்பளையள்ட்ட பேச ஒரு ஆளு வேணும். மத்தவளுக்கெல்லாம் பிள்ளகுட்டி இருக்கு. ஒனக்குப் பின்னால பிடிச்சு இழுக்க யாரும் இல்லைல்லா."

அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னார். வீட்டுக்கு வந்து சோறு வடிக்கும்போது, கப்பலில் ஏறப் போகிறோம் என்று நினைத்துக் கொஞ்சம் சந்தோஷப்படவும் செய்தேன். சண்டை அப்போது சீமையில்தான் நடந்துகொண்டிருந்தது. கிழக்குப் பக்கம் கடல் அமைதியாக இருந்தது.

சந்தோஷம் இரண்டு மாதம்கூட நிற்கவில்லை. சேர்க்கும் வேலை முழுக்க என் தலையிலும், வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்டும் ஊழியக்காரம்மா தலையிலும் விழுந்தது. அவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், குதிகாலில் வெடிப்பு, நடக்கும்போதெல்லாம் முனகுவார், ஆனால் நிற்க மாட்டார். சனிக்கிழமை காலையில் இருவரும் ஆளுக்கொரு பையோடு கிளம்புவோம். சபை வீடுகளில் சமைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் எடுத்துப் போட்டு வைப்பார்கள். அதைப் போய் வாங்கி வந்து விற்றுப் பணமாக்க வேண்டும். சில வீடுகளில் கலயம் நிறைந்திருக்கும். சில வீடுகளில், "இந்த வாரம் எங்களுக்கே பத்தல டீச்சரம்மா" என்று கலயத்தைக் கவிழ்த்துக் காட்டுவார்கள். காட்ட வேண்டாம் என்று சொன்னாலும் காட்டுவார்கள். அந்தக் கவிழ்த்த கலயத்தைப் பார்த்த பிறகு அடுத்த வீட்டுக்குப் போகக் கால் வராது.

மேலகரம், இலஞ்சி, செங்கோட்டை, அதற்கும் மேற்கே புளியறை வரை நடந்தோம். அரிசி சுமக்கிற பாரம் ஒன்றும் பெரிதில்லை. கேட்கிற பாரம்தான் பெரிது. கேட்டுக்கொண்டு நிற்கும்போது முகம் தானாகவே ஒரு மாதிரி ஆகிவிடுகிறது. வகுப்பில் பிள்ளைகள் முன்னால் நிற்கும்போதும் அந்த முகமே எனக்கு இருப்பதாக ஒருநாள் தோன்றியது. அன்று பாடம் நடத்தாமல் படம் வரையச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆனி பிறந்ததும் குற்றாலத்தில் சாரல் தொடங்கியது. சீசனுக்கு வரும் வக்கீல்களும் ஜமீன் குடும்பங்களும் துரைமார்களும் பங்களா எடுத்துத் தங்கியிருப்பார்கள், அங்கே போனால் நல்ல தொகை கிடைக்கும் என்று ஐயர் சொன்னார். பள்ளிக்கூடம் விட்டதும் நாங்கள் இருவரும் குடையோடு போவோம். சாரலுக்குக் குடை பிடிப்பதும் ஒன்றுதான், பிடிக்காததும் ஒன்றுதான். பங்களா கேட்டில் தோட்டக்காரன் நிறுத்திவைப்பான். உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வர அரைமணி ஆகும். "ஐயா குளிக்கப் போயிருக்காவ." "அம்மா சாப்பிடுதாவ." ஒரு துரைசானி மட்டும் எங்களை வராந்தாவில் உட்காரவைத்துத் தேத்தண்ணீர் கொடுத்தார். கதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கடற்பயணத்தில் குளிரும் என்று இரண்டு பழைய கம்பளிக் கோட்டுகளைக் கொடுத்தார். பணம் கொடுக்கவில்லை. திரும்பும் வழியெல்லாம் அந்தக் கோட்டுகள் மழையில் ஊறி, பிள்ளையைத் தூக்கி வருவது போலக் கனத்தன.

"மலேயாவுல வேர்த்து ஊத்துமாம். அங்கன போயி இத எங்க போடுறது?" என்றார் ஊழியக்காரம்மா. இரண்டு பேரும் நடுரோட்டில் நின்று சிரித்தோம். அந்த வருஷத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

அருவிக்குப் போகும் பாதையில் எண்ணெய் தேய்த்துவிடும் ஆட்கள் வரிசையாக இருப்பார்கள். அவர்களிடம் நாங்கள் கேட்டதில்லை. ஒருநாள் அவர்களில் ஒருவர் எழுந்து வந்தார். நாற்பது வயதிருக்கும். கையெல்லாம் எண்ணெய்.

"ரங்கூனுக்குப் போறியளாமே. நெசமா?"

"ஆமா. தையில."

"என் தம்பி அங்கன அரிசி மில்லுல இருக்கான். எட்டு வருசமாச்சு. ஒரு கடுதாசி கெடையாது." மடியிலிருந்து இரண்டணா எடுத்து நீட்டினார். "அவனப் பாத்தா, அம்மா செத்துட்டான்னு சொல்லணும். வீட்டப் பிரிக்கல, அவன் பங்கு அப்படியே கெடக்கு, வரச் சொன்னேன்னு சொல்லணும்."

ரங்கூன் எவ்வளவு பெரிய ஊர் என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. பையிலிருந்த பள்ளிக்கூட நோட்டின் கடைசிப் பக்கத்தில் தம்பியின் பேரையும் ஆலையின் பேரையும் எழுதிக்கொண்டேன்.

அடுத்த வாரம் மூன்று பேர் வந்தார்கள். பிறகு பள்ளிக்கூட வாசலுக்கே வரத் தொடங்கினார்கள். கண்டிக்குப் போன அக்கா, பினாங்கில் இறங்கினான் என்பதோடு சேதி நின்றுபோன மகன். வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் இந்துக்கள். எங்கள் நற்செய்தியைப் பற்றி அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. கையில் இருந்ததைக் கொடுத்தார்கள், பேரை எழுதச் சொன்னார்கள், எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னார்கள். நோட்டு பின்னாலிருந்து முன்னால் நிறைந்துகொண்டு வந்தது.

மேலகரத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். நெல் விவசாயம் செய்யும் குடும்பம். என் வயதுதான் இருக்கும். தலையில் ஒரு வெண்கலப் பானையைச் சுமந்து வந்து பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் இறக்கினாள். வீட்டுக்காரர் அண்ணன் தம்பிகளோடு சண்டை போட்டுக்கொண்டு மலேயாவில் ரப்பர் தோட்டத்துக்குப் போய் ஒன்பது வருஷமாம். முதல் இரண்டு வருஷம் பணம் வந்ததாம். அப்புறம் ஒன்றும் இல்லை.

"இந்தப் பானை எனக்கு அம்மா வீட்டுல குடுத்தது. வித்து வச்சுக்கிடுங்க."

"இது எதுக்கு? பேரைச் சொல்லுங்க, எழுதிக்கிடுதேன். ஒண்ணும் தர வேண்டாம்."

அவள் பானையின் விளிம்பிலிருந்து கையை எடுக்கவில்லை. "சும்மா சொன்னா மறந்திருவிய. அவர வரச் சொல்ல வேண்டாம். வேற ஒருத்திகூட இருந்தாலும் இருக்கட்டும். உயிரோட இருக்காரா இல்லையான்னு மட்டும் வந்து சொன்னாப் போதும். ஊருக்குள்ள பொட்டு வைக்கதா வேண்டாமான்னு எனக்கே தெரியல."

நான் என் வெறும் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். எனக்கு அந்தச் சந்தேகம் இருந்ததில்லை. என் கணவரை நானே குளிப்பாட்டி அனுப்பினேன்.

விஷயம் சபைக் கமிட்டிக்குப் போனது. கமிட்டியில் மூத்தவர் தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு இது பிடிக்கவில்லை. "நாம சுவிசேஷம் சொல்லப் போறமா, தபால் குடுக்கப் போறமா? காணாமப் போன ஆளைத் தேடதுக்கா சபை பிடியரிசி போடுது?" என்று கேட்டார். ஐயர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் யாரையும் நோகடிக்க விரும்பாதவர். அதனால் பல சமயம் எல்லாரையும் காத்திருக்க வைப்பார்.

எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்படத் தெம்பும் இல்லை. அன்று காலையிலிருந்து ஐந்து வீதி ஏறி இறங்கியிருந்தேன். நோட்டை மேசைமேல் வைத்து, "இது போகலன்னா நானும் போகல. வேற ஆளப் பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கடைசியில் ஐயர் நோட்டை எடுத்து இரண்டு பக்கம் புரட்டினார். "போகட்டும். பேரைச் சொல்லி விசாரிச்சா நாலு பேரு பேச வருவாங்க" என்றார். மூத்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் அடுத்த ஞாயிறு, கொழும்பில் கடை வைத்திருந்த தன் மைத்துனரின் விலாசத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி என்னிடம் தந்தார்.

சபையார் கொண்டுவரும் விளைச்சலையும் பண்டங்களையும் ஏலம் விடும் அறுப்பின் பண்டிகையில், மேலகரத்துப் பெண் விட்டுப்போன வெண்கலப் பானையை ஐயரம்மாவே எடுத்தார். ஒரு பூசணிக்காயை எடுத்தவர்கள் எல்லாரும் திரும்பத் திரும்பக் காணிக்கையாகக் கொடுக்க, அது ஏழு தடவை ஏலம் போனது. பாஸ்போர்ட்டுக்காகத் திருநெல்வேலிக்கு மூன்று தடவை போனோம். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு கையெழுத்து குறைந்தது. அம்மை குத்திக்கொண்டதில் எனக்குக் கை வீங்கி நாலு நாள் காய்ச்சல் அடித்தது. காய்ச்சலில் கிடந்தபோதுதான் தெரிந்தது, எனக்குப் போகும் ஆசை கொஞ்சமும் மிச்சமில்லை என்பது. கேட்டுக் கேட்டு அது தேய்ந்துபோயிருந்தது. போய்த்தான் ஆக வேண்டும் என்பது மட்டும் இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, பினாங்கில் ஜப்பான்காரன் குண்டு போட்டான் என்று சேதி வந்தது. கிறிஸ்துமஸ் நெருக்கத்தில் ரங்கூனிலும் போட்டான். ஐயர் பிரசங்கத்தில் பிரயாணம் தள்ளி வைக்கப்பட்டது என்றார். இது தள்ளிவைப்பு இல்லை, இனிப் போகவே போவதில்லை என்று எல்லாருக்கும் தெரியும். டிரங்குப் பெட்டியில் மடித்து வைத்திருந்த புதுச் சேலைகளை எடுத்து ஒவ்வொன்றாகப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக்கொண்டு போனேன்.

பணத்தைத் திருப்பிக் கொடுப்பதா, வங்கியில் போட்டு வைப்பதா என்று கமிட்டி பேசிக்கொண்டே இருந்தது. அதற்குள் மாசி, பங்குனியில் பர்மாவிலிருந்து ஜனங்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். காடு வழியாக வாரக்கணக்கில் நடந்து, பிறகு ரயில் மாறி மாறித் தென்காசியில் வந்து இறங்கினார்கள். கால் வீங்கி, தலைமயிர் கொட்டி, எந்த ஊருக்குப் போக வேண்டும் என்பதைக்கூட மெதுவாக யோசித்துச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டோம். அப்போதும் கமிட்டி பணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. ஊழியக்காரம்மா கமிட்டிக் கூட்டத்தின் நடுவே போய் நின்றார்.

"நாம போயிப் பாக்கணும்னு இருந்த சனந்தானே இது. அதுவளே வந்துட்டுவ. சோத்தப் போடுங்க."

அன்றிலிருந்து பிடியரிசியும் காசும் கஞ்சிக்குப் போயின. வைகாசி முடியும்வரை பள்ளிக்கூடத்து முற்றத்தில் அடுப்பு அணையவில்லை. நான் ஒரு கையில் அகப்பையும் மறு கையில் நோட்டுமாக நின்றேன். வருகிறவர்களிடம் பேரும் ஊரும் கேட்பேன். பெரும்பாலும் நோட்டில் இருக்காது.

ஒருநாள் இருந்தது. குற்றாலத்து எண்ணெய்க்காரரின் தம்பி. சுவரில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். ரங்கூனில் சொல்ல வேண்டியதை இங்கே நின்றுகொண்டு சொன்னேன். "ஒங்க அண்ணன் ஒங்களுக்கு ஒரு சேதி சொல்லச் சொன்னாவ. ஒங்க அம்மா தவறிட்டாவ. வீட்டப் பிரிக்கலயாம். வரச் சொன்னாவ."

"எப்ப?" என்று கேட்டான்.

அதை நான் எழுதி வைக்கவில்லை. தெரியவில்லை என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டு மிச்சக் கஞ்சியைக் குடித்தான். பிறகு தட்டைத் தானே கழுவிவைத்துவிட்டுக் குற்றாலத்துக்கு நடந்தான்.

மலேயாவிலிருந்து யாரும் வரவில்லை. சண்டை முடிகிற வரை கடுதாசியும் இல்லை. மேலகரத்துப் பெண் மாதம் ஒருமுறை வந்து வேப்பமரத்தடியில் நிற்பாள். சேதி ஒன்றும் இல்லை என்று நான் தலையசைப்பேன். போய்விடுவாள். நான் போயிருந்தால் தெரிந்திருக்கும் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. எனக்குத்தான் அவளைக் கண்டதும் அப்படித் தோன்றும்.

சண்டை முடிந்த மறு வருஷம், கோடை விடுமுறைக்கு முந்தின வாரம், மத்தியானம் அவள் என் வீட்டுக்கே வந்தாள். மலேயாவிலிருந்து திரும்பிய ஒருவர் முந்தின நாள் அவள் வீட்டுக்கு வந்தாராம். அவள் கணவரோடு ஒரே தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவராம். ஜப்பான்காரன் இருவரையும் சயாம் காட்டில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனானாம். அங்கே காலராவில் அவள் கணவர் இறந்ததை வந்தவர் கூட இருந்து பார்த்தாராம்.

"சண்டைக்கு முன்னால ஒழுங்காத்தான் இருந்தாராம். வேற கல்யாணம் எல்லாம் இல்லயாம்" என்றாள். "நீங்க அப்பப் போயிருந்தியன்னா பாத்திருப்பிய. ஆனா நீங்க போகாததும் நல்லதாப் போச்சு. நீங்களும் அங்கன மாட்டியிருப்பிய."

அவள் அழவில்லை. நெற்றியில் பொட்டு இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். நேற்றிலிருந்து இல்லை என்றாள். காலையில் வடித்த சோறும் கருவாட்டுக் குழம்பும் இருந்தன. தட்டில் போட்டுக் கொடுத்தேன். கேட்டு வாங்கி இரண்டாம் தரமும் சாப்பிட்டாள். பிறகு, கொஞ்சம் படுத்துக்கொள்ளலாமா என்றாள். பாயை விரித்துக் கொடுத்தேன். படுத்தவுடன் தூங்கிப்போனாள். வருஷப் பரீட்சைத் தாள்கள் திருத்தாமல் கிடந்தன. அவள் எழுந்திருக்கும்வரை ஜன்னலோரம் உட்கார்ந்து, சத்தம் கேட்காமல் ஒவ்வொன்றாகப் புரட்டித் திருத்திக்கொண்டிருந்தேன்.