லிபோரியோ குடித்த பட்டைக் கஷாயம்

அசுன்சியோன் நகரத்துத் தெருமரங்களில் ஏறிக் கிளை கழிப்பதுதான் லிபோரியோவின் பிழைப்பு. கீழே போகிற பெண்களைக் கிண்டலடிக்காமல் அவர் ஒரு கிளையும் வெட்டியதில்லை. அவர் மகளுக்கு நான் ஞானத்தாய். அதனால் அவருக்கு நான் கொமாத்ரே, எனக்கு அவர் கொம்பாத்ரே. ஈரலில் கட்டி வந்ததும் ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லிவிட்டார்கள். அதன் அர்த்தம் அவர் மனைவி பெர்ஃபெக்டாவைத் தவிர எல்லோருக்கும் புரிந்தது.

டாக்டர் கைவிட்டால் எங்களுக்கு லபாச்சோ மரத்துப் பட்டைதான். அதுவும் ரோஸ் நிறத்தில் பூப்பதுதான் மருந்து. மஞ்சள் பூப்பது வாசலுக்கு அழகு, அவ்வளவுதான். அந்தக் கோடையில் அவர்கள் குடிவந்த வாடகை வீட்டு வாசலில் ஒரு லபாச்சோ நின்றது. அது பூத்து அவர்கள் பார்த்ததில்லை. ரோஸ் என்று பெர்ஃபெக்டாவே முடிவுகட்டிப் பட்டையைச் சீவினாள். அக்கம்பக்கத்தில் கேட்கவில்லை. கேட்டால் வேறு பதில் வந்துவிடுமே.

நான் பார்க்கப் போனபோது மரத்தடியில் காய்ந்த காய் ஒன்று கிடந்தது. எடுத்துப் பெர்ஃபெக்டாவிடம் நீட்டினேன்.

"தடவிப் பாருடி, பூனைக்குட்டி மாதிரி ரோமம். ரோஸ் மரத்துக் காய் வழவழன்னு இருக்கும். இது மஞ்சள்."

"காத்துல எங்கேருந்தாவது வந்து விழுந்திருக்கும்."

"பட்டையும் காத்துல வந்துச்சா? ரோஸுன்னா இன்னும் கறுப்பா, ஆழமா வெடிச்சிருக்கும்."

"மரம் படிச்சவ வந்துட்டா! உன் புருஷன் ராத்திரி வீட்டுக்கு வர்றானான்னு முதல்ல பாரு."

அவள் அடுப்படிக்குப் போனாள். நான் உள்ளே போனேன். லிபோரியோ கட்டிலில் கஷாயத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"கொம்பாத்ரே, அது மஞ்சள் மரம். உங்களுக்கா தெரியாது?"

"வந்த அன்னிக்கே தெரியும். எத்தனை மஞ்சள் மரத்துல வயித்தைத் தேய்ச்சு ஏறியிருக்கேன்!"

"அப்புறம் எதுக்கு இந்தக் கசப்பு?"

"அடுப்புல வேலை இருக்கிற வரைக்கும் அவ அழமாட்டா. இல்லேன்னா இங்க உக்காந்து என் மூஞ்சியையே பாப்பா. அதை என்னால தாங்க முடியாது கொமாத்ரே." ஒரே மடக்கில் குடித்தார். "ஆகஸ்ட்டுல பூத்துடும். அதுக்குள்ள நான் போயிடணும். நீங்க வாயை மூடிட்டு இருங்க. உங்களுக்குக் கஷ்டம்தான்."

மூடிக்கொண்டேன். ஆனால் அவர் போகவில்லை. எலும்பும் தோலுமாகக் கிடந்து, கொடுத்ததையெல்லாம் குடித்தார்.

ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள் காலை கிழங்கு அவித்து எடுத்துப் போனேன். ஒரு இலைகூட இல்லாமல் மரம் முழுக்க மஞ்சள். பட்டை சீவக் கத்தியோடு வெளியே வந்த பெர்ஃபெக்டா அண்ணாந்து பார்த்தாள். உள்ளே போய்க் கஷாயத்தைச் சாக்கடையில் கொட்டினாள். பானையைத் தேய்த்துக் கவிழ்த்தாள்.

பிறகு நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்தாள். லிபோரியோ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.