பவுனின் கட்டியோடு வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு

மாசி மாதத்தில் ஒரு நாள், எங்கள் குதிரை பவுனை வண்டியில் ஏற்றிக்கொண்டு நானும் அம்மாவும் மலையிலிருந்து கள்ளக்குறிச்சி கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். வெள்ளிமலைக்குச் சுற்றிப் பார்க்க வருவது பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். குதிரையோடு கீழே இறங்குவது பற்றித் தேடினேன், ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

பவுனின் முன்னங்கால் இடுக்கில் ஒரு கட்டி. முதலில் ரோமம் உதிர்ந்து, சொரசொரப்பான வட்டமாக இருந்தது. பிறகு மரு மாதிரி தடித்தது. தை கழிவதற்குள் எலுமிச்சை அளவுக்கு வீங்கி, சிவந்து, ஈ மொய்க்க ஆரம்பித்தது. ஜீப் போகாத காடுகளிலிருந்து சாமை மூட்டையும் மரவள்ளியும் சுமந்து வருவது பவுன்தான். அப்பா கேரளாவில் மிளகுத் தோட்டத்தில் இருக்கிறார். இங்கே எங்கள் பிழைப்பு பவுனை நம்பித்தான்.

குதிரை வியாபாரி சின்னதுரை மாமா வந்து பார்த்தார். “தங்கச்சி, இது கிளாண்டர்ஸு, குதிரைக்கு வர்ற தொத்து நோவு. கவர்மென்ட்டுக்குத் தெரிஞ்சா ஊசி போட்டுக் கொன்னுடுவாங்க. அதுக்குள்ள என்கிட்ட தள்ளிவுட்டுடு” என்றார். போகும்போது தன் கழுத்து மருவில் கட்ட, பவுனின் வாலிலிருந்து இரண்டு முடி கேட்டுப் பிடுங்கிக்கொண்டார். எங்கள் பக்கம் மருவைக் குதிரை முடியால் இறுக்கிக் கட்டுவார்கள். காய்ந்து விழுந்துவிடும் என்று நம்பிக்கை. அதற்காகவே எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வருவார்கள்.

கொல்லப்போகிற குதிரையை அவர் எதற்கு வாங்க வேண்டும்? இந்தச் சந்தேகம் என்னைத் தூங்கவிடவில்லை. அவர் சொன்னது உண்மையாக இருக்குமோ என்ற பயமும் கூடவே இருந்தது. அம்மாவிடம் தினமும் நச்சரித்துத்தான் இந்தப் பயணம்.

வண்டி, குட்டியானை என்கிற சின்ன லாரி. போக வர, காத்திருப்பதும் சேர்த்து 2,800 ரூபாய். காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். வெயில் ஏறினால் குதிரை மிரளும். தளத்தில் மணல் கொட்டி, மேலே வைக்கோல் பரப்பினோம். ஓட்டுநர் அண்ணன், “குட்டியானைல ஆடு ஏத்திருக்கேன், மாடு ஏத்திருக்கேன். குதிர இன்னைக்குத்தான். நீங்க சொன்னா ஓட்டாம ஓரமா நின்னுக்கறேங்க, அதுவே இட்டுக்கினு போயிடும்” என்று சிரித்தார்.

நான் பின்னால் பவுனோடு நின்றுகொண்டேன். ஒரு கொண்டை ஊசி வளைவில் அவர் வண்டியை நிறுத்தி யாருக்கோ போன் செய்தார். “ஆமா, குதிரதான். கச்சிராயபாளையம் வந்துக்கினு இருக்கோம். ரோட்டாண்ட நில்லு” என்றது காதில் விழுந்தது. சின்னதுரை மாமாவுக்குத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். கச்சிராயபாளையத்தில் ரோட்டோரம் நின்றது ஓட்டுநர் அண்ணனின் மனைவி, இடுப்பில் குழந்தையோடு. குழந்தைக்குக் குதிரை காட்டினார். அவ்வளவுதான். ஆனாலும் கள்ளக்குறிச்சி வரைக்கும் நான் பின்னால் வரும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டே போனேன்.

எட்டு மணிக்குள் ஆஸ்பத்திரி வாசலில் இருந்தோம். பெண் டாக்டர். கையுறை போட்டுக்கொண்டு, கட்டியைப் பார்க்காமல் முதலில் மூக்கைப் பார்த்தார். பிறகு காய்ச்சல் பார்த்தார், கால்களை மேலிருந்து கீழ்வரை தடவினார். “சளி இல்ல, கால்ல வரிசையா முடிச்சு இல்ல. மாட்டோட சேத்தா கட்டுறீங்க?”

“ஆமாங்க, ஒரே கொட்டாய்தான்” என்றாள் அம்மா.

“மாட்டுக்கு மரு வர்ற வைரஸ் இருக்கில்ல, அது புண்ணு வழியா, ஈ வழியா குதிரைக்கு வந்தா இப்படிக் கட்டியாகும். சார்காய்டுன்னு பேரு. எனக்கு அப்படித்தான் படுது. உள்ளுக்குப் பரவாது, ஆனா அதே இடத்துல பிடிவாதமா வளரும். எதுக்கும் ரத்தம் எடுத்துக் கிளாண்டர்ஸும் பாத்துடலாம்.”

ஊசியைப் பார்த்ததும் நான் கயிற்றை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். புது ஆட்களிடம் எனக்குப் பேச்சு வராது. அன்றைக்கு வந்தது. “கொன்னுடுவீங்களா?”

“ரத்தம் எடுக்கற ஊசி, பாப்பா. நீயே தலையப் புடிச்சுக்கோ.”

ரத்தம் எடுத்தார். கட்டியைக் கொஞ்சம் கிள்ளி எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். பஞ்சால் மட்டும் துடைத்து எடுத்தார். “இதப் பாதி கிள்ளினா கோவிச்சுக்கினு வேகமா வளரும். எடுத்தா மொத்தமா எடுக்கணும், இல்லன்னா தொடக் கூடாது” என்றவர், சட்டென்று குனிந்தார். கட்டியின் அடியில் சுற்றிலும் ஒரு பள்ளம். இடுக்கியை விட்டு இழுத்தார். நீளமாக ஒரு கறுப்பு முடி வந்தது. “இத யார் கட்டினது? இதான் சீண்டிவிட்டிருக்கு.”

எனக்குச் சின்னதுரை மாமா வாலில் கை வைத்தது ஞாபகம் வந்தது. வேண்டுமென்றே கட்டியிருக்கிறார் என்று பல்லைக் கடித்தேன்.

“நான்தாங்க” என்றாள் அம்மா. “மனுசனுக்கு வுழுவுது. அதும் முடி, அதுக்கே வுழாதான்னு நெனச்சேன்.”

டாக்டர் திட்டவில்லை. வந்த வழி முழுக்க நான் யார் யாரையோ சந்தேகப்பட்டேன், பக்கத்தில் இருந்தவளைத் தவிர.

பத்து நாள் கழித்து போன் வந்தது. கிளாண்டர்ஸ் இல்லை. பஞ்சில் மாட்டு வைரஸ் இருந்தது. மறுபடி இறங்கி, மயக்க ஊசி போட்டு, சுற்றியிருந்த தோலோடு கட்டியை மொத்தமாக எடுத்தார்கள். திரும்ப வரலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அதனால் தினமும் காலையில் அந்த இடத்தைத் தடவிப் பார்க்கிறேன். ஒரு கொசுக்கடி தடித்தாலும் நம்ப மாட்டேன்.

குதிரையோடு இறங்குகிறவர்களுக்கு: தலைக்கயிற்றைக் குட்டையாக, முன்பக்கம் கட்டுங்கள். புண்ணுக்கு ஈ வராமல் துணி கட்டுங்கள். கட்டி முதலில் எப்படி இருந்தது என்று போட்டோ எடுத்து வைத்திருந்தால் டாக்டருக்கு உதவும். மாட்டுக்கொட்டகையிலிருந்து தள்ளிக் கட்டுங்கள். வியாபாரி சொல்லும் நோய்ப் பெயரை ஆஸ்பத்திரியில் கேட்காமல் நம்பாதீர்கள்.

போன வாரம் சின்னதுரை மாமா வந்தார். கழுத்து மரு விழவில்லை, சிவந்து வீங்கியிருந்தது. இன்னொரு முடி வேண்டுமாம். அம்மா வாலுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

“முடி கெடயாதுண்ணே. கீழ போயி டாக்டராண்ட காட்டு.”

“இன்னா தங்கச்சி, மருவுக்கெல்லாம் எவனாச்சும் டாக்டராண்ட போவானா?”

“எங்க பவுனு போயிட்டு வந்துச்சே” என்றாள் அம்மா.