தேவாலயப் படியில் விட்ட பை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டனில் ஐரிஷ் ஆயுதக் குழுவின் குண்டுப் பயம் இருந்தது. குண்டை ஒளித்து வைப்பார்கள் என்று ரெயில் நிலையங்களில் குப்பைத் தொட்டிகளைக்கூட எடுத்துவிட்டிருந்தார்கள். அந்த நாட்களில்தான் என் கணவரின் அக்கா, எனக்கு மச்சாள், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்தார். நகரத்தின் கிழக்கு ஓரத்தில், குட்மேய்ஸில் இருந்த எங்கள் வீட்டுக்குள்ளேயே இரண்டு மாதம் அடைந்து கிடந்தவரை, ஒரு சனிக்கிழமை, பழைய நகரத்தை நடந்தே சுற்றிக்காட்டும் பயணம் ஒன்றுக்கு அழைத்துப்போனேன்.

சிவப்புத் தொப்பி போட்ட வழிகாட்டிப் பெண்மணி எங்கள் கூட்டத்தை ஒடுங்கிய சந்துகளுக்குள் நடத்திச் சென்றார். முந்நூறு வருடங்களுக்கு முன் நகரம் தீயில் அழிந்த கதையை அவர் சொல்ல, நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன்.

"இவ்வளவும் எரிஞ்சு, திருப்பிக் கட்டினவையோ?" என்று மச்சாள் கேட்டார். அது ஒன்றுதான் அவர் கேட்டது.

ஒரு பழைய தேவாலயத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு நடந்தோம். அதற்குப் பிறகு நாலாவது சந்தில், அவருடைய கை வெறுமையாக இருப்பதைக் கண்டேன்.

"மச்சாள், பை எங்கை?"

"அந்தச் சேர்ச் படியிலை... சப்பாத்து லேஸ் கட்டேக்கை வைச்சனான்."

"அதுக்கை என்ன இருக்கு?"

"கடதாசியள். உங்கட கேஸ் கடிதமும் எல்லாம். கடதாசி இல்லாமல் எப்பிடி வெளியிலை வாறது?"

சோதனைச் சாவடிகளுக்கு நடுவே வாழ்ந்தவர், எங்கள் அலுமாரியிலிருந்ததையும் சேர்த்து எடுத்து வந்திருக்கிறார். எங்கள் அகதி வழக்கு மூன்று வருடமாக முடிவில்லாமல் கிடந்தது. பல கடிதங்களுக்குப் பிரதிகூட இல்லை.

ஓடினோம். தெருவுக்குக் குறுக்கே பொலிஸ் நாடா கட்டியிருந்தது. அதற்கு அப்பால், படியில், பை தனியே இருந்தது. குண்டென்று சந்தேகித்து அதை வெடிக்க வைக்கப்போகிறார்கள் என்று பக்கத்தில் நின்றவர் சாதாரணமாகச் சொன்னார்.

மச்சாள் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். "போகாதையும். எங்கட எண்டு சொல்லாதையும். பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள்."

எனக்கும் அதே பயம்தான். வழக்கு முடியாத நேரத்தில் பொலிஸ் புத்தகத்தில் பெயர் ஏறினால்? ஆனால் கடிதங்கள் போனால், வழக்கில் காட்ட எங்களிடம் எதுவும் இல்லை. கையை விடுவித்துக்கொண்டு நாடாவரை போனேன். அந்தப் பை எங்களுடையது என்பதை மட்டும் மூன்று தடவை சொன்னேன்.

உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பொலிஸ்காரர் கேட்டார். எனக்கு முழுதும் தெரியாது. திரும்பிப் பார்த்து மச்சாளைக் கூப்பிட்டேன். அசையவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டதும் வந்தார். குடை, ரொட்டிப் பொட்டலம், தேத்தண்ணி கொண்டுவந்த பச்சைப் போத்தல், கடிதங்கள். அவர் நிலத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல நான் மொழிபெயர்த்தேன். பொலிஸ்காரர் வயர்லெஸ்ஸில் பேசினார். எங்களைச் சுவரோரம் நிற்கச் சொன்னார்கள். அரை மணி நேரம் நின்றோம். மச்சாளின் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன.

கடைசியில் ஒருவர் பையைக் கொண்டுவந்தார். எங்கள் பெயரையும் விலாசத்தையும் எழுதிக்கொண்டு, கடுமையான குரலில் எச்சரித்துவிட்டுப் போகச் சொன்னார்.

ரெயினில் எனக்குக் கோபம் அடங்கவில்லை. குட்மேய்ஸில் இறங்கும்போது அவர்தான் சொன்னார்: "நான் தனிய வந்திருந்தா, விட்டிட்டு ஓடியிருப்பன்."

அதன் பிறகு என்னால் கோபப்பட முடியவில்லை. பொலிஸ் எழுதிக்கொண்ட பெயர் எங்கே போய்ச் சேருமோ என்று மட்டும் பல மாதம் பயந்தேன். அடுத்த வருடம் எங்களுக்கு இங்கே இருக்க அனுமதி வந்தது. அந்தப் பையைப் பற்றி எங்களிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.