ஐந்தருவியில் கை கொடுத்தவர்

இரட்சிப்புக்கு விசுவாசம் மட்டும் போதுமா, நற்கிரியையும் வேண்டுமா என்று தென்காசியில் ஆராதனை முடிந்ததும் நண்பரோடு கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. சூடு தணிய ஐந்தருவிக்குப் போனேன்.

எண்ணெய் தேய்த்துக் குளிப்பவர்களால் வழுக்கும் பாறையில் ஒருவர் நின்றார். பெரிய தொந்தி, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. தான் குளித்து முடித்தும் கிளம்பாமல், வருகிற போகிற எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தார். சிரிக்கும்போதெல்லாம் ஈரத்தலையைச் சிலுப்பிக்கொள்வார்.

நானும் அந்தக் கையைப் பிடித்துப் போய்க் குளித்தேன். துவட்டி, உலர்ந்த சட்டையை மாட்டிக்கொண்டு திரும்பும்போது வாய் சும்மா இருக்கவில்லை.

"இப்படிக் கை குடுத்தா பரலோகம் போயிரலாம்னு நினைக்கீயளோ?"

"இதுக்கெல்லாமா பரலோகம் தருவாவ, அண்ணாச்சி? இந்த அருவி நம்மட்ட என்ன கேட்டுட்டு விழுது? சும்மா போய் நின்னேன், நனைஞ்சேன். நனைஞ்சவன் பக்கத்துல நிக்கவன் மேல தெறிக்காம இருக்குமா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். தலையைச் சிலுப்பினார். என் சட்டையெங்கும் தண்ணீர்.

எனக்குக் கோபமே வரவில்லை. ஈரச் சட்டையோடு நேரே நண்பர் வீட்டுக்கு பஸ் ஏறினேன். போனதும் அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும். அவரும் கொஞ்சம் நனையட்டும்.