கட்டிலோரத் தொட்டிலும் காணாமல்போன பெல்ட்டும்

தொட்டில் வியாபாரத்தில் ஒரே ஒரு நிம்மதி, அதில் படுக்கப்போகிற ஆள் கடைக்கு வந்து பேரம் பேசமாட்டான்; மற்ற அத்தனை பேரும் வருவார்கள்.

ஆரணி பஸ் ஸ்டாண்டு பக்கம் பதினோரு வருஷமாகக் குழந்தைச் சாமான் கடை வைத்திருக்கிறேன். இப்போது எல்லோரும் கேட்பது கட்டிலோரத் தொட்டில். ஒரு பக்கத்துத் தடுப்பை இறக்கிவிட்டு, அம்மாவின் கட்டிலோடு ஒட்டி வைப்பது. இரண்டு மெத்தையும் ஒரே மட்டத்தில் இருக்கவேண்டும். நடுவில் விரல் நுழையக்கூடாது. பெல்ட் போட்டுக் கட்டிலோடு இறுக்கவேண்டும். இடைவெளி விழுந்தால் பச்சைக் குழந்தை அதில் சரிந்து, முகம் மாட்டி, மூச்சு நின்றுபோகும். கத்தக்கூட முடியாது. இதை வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். கல்லாவில் உட்கார்ந்து தொண்டை வற்றிய சக பாவிகளே, எத்தனை பேர் காதில் ஏறுகிறது என்று உங்களுக்கே தெரியும்.

ஆடாத தொட்டில்

ரைஸ் மில் வைத்திருக்கும் ஒருவர் பேத்திக்குத் தொட்டில் பார்க்க வந்தார். வந்ததும் இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். அசையவில்லை. இன்னொன்றை உலுக்கினார். அதுவும் அசையவில்லை. கடையில் இருந்த ஐந்தையும் உலுக்கிவிட்டு, எல்லாமே பழுது என்று தீர்ப்புச் சொன்னார்.

ஆடாமல் இருப்பதற்காகத்தான் இதைச் செய்கிறார்கள், ஆடினால் கட்டிலை விட்டு விலகிவிடும் என்று விளக்கினேன். மில்லில் இத்தனை மெஷினை மேய்க்கிற மனுஷர், நான் ஏதோ சால்ஜாப்பு சொல்வதாக நினைத்துச் சிரித்தார். போகும்போது எனக்கு வியாபாரமும் கற்றுக்கொடுத்தார்: "ஆடாததுக்குப் பேரு தொட்டிலாங்க? பெட்டின்னு சொல்லி வில்லுங்க, ஜல்தியா போவும்."

கல்லு மெத்தை

பட்டுச்சேலை வியாபாரம் செய்யும் அம்மாள் ஒருவர். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் துணியைத் தேய்த்தே ரகம் சொல்லிவிடுவார். அதே விரலால் என் தொட்டில் மெத்தையை அழுத்திப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். கல்லு மாதிரி இருக்கிறதாம். கெட்டியாகத்தான் இருக்கணும், அமுங்கினால் முகம் புதையும்; தலையணை கூடாது, போர்வை கூடாது, மல்லாக்கத்தான் படுக்கவைக்கணும் என்றேன். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

தலையாட்டி முடித்து எதிர்க்கடைக்குப் போய் வெல்வெட் தலையணை, இரண்டு பக்கமும் வைக்கிற திண்டு, பஞ்சு மெத்தை எல்லாம் வாங்கிவந்து, என் கண் முன்னாலேயே என் தொட்டிலுக்குள் அடுக்கி போட்டோ எடுத்தார். அப்புறம் குழந்தையை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பாக்க வர்றவங்க இன்னா நெனைப்பாங்க? பட்டு விக்கிறவ வூட்டுப் புள்ளைய வெறும் பலகைமேல போட்டுகினு கீறாங்கன்னு பேசமாட்டாங்களா?"

சீர் ரகசியம்

குமரன் நெசவுக்காரர். ஒரு இழை அறுந்தால் தறியை நிறுத்திவிட்டுத் தேடுகிற ஆள். முள்ளிப்பட்டில் வாழ்க்கைப்பட்ட தங்கை கலைவாணிக்குப் பிள்ளை பிறந்து, தாய்வீட்டுச் சீராகத் தொட்டில் வாங்க வந்தார். கட்டில் என்ன உயரம் என்றேன். முழங்காலில் கை வைத்தார். யோசித்து, நாலு விரல் மேலே ஏற்றினார். மறுபடி இறக்கினார்.

போன் போட்டுத் தங்கையைக் கேளுங்கள் என்றேன். அது நடக்காதாம். அவருக்கு நீலம்தான் வேண்டும். நீலத்தில் பார்வைக்கு வைத்திருந்த ஒன்றுதான் மிச்சம். ராகுகாலத்துக்கு முன்னால் கடையை விட்டுக் கிளம்பவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். நானே அவசர அவசரமாகக் கழற்றி அட்டைப்பெட்டியில் வைத்துக் கட்டிக்கொடுத்தேன். வாசலில் நின்று அவர் சொன்னது: "அளவு கேட்டா சீர் வர்றது தெரிஞ்சிடுங்களே. கட்டில வேணும்னா அறுத்துக்கலாம், மானத்த அறுக்க முடியுமா?"

முள்ளிப்பட்டில் நாலு விரல்

ஒரு வாரம் கழித்துக் கலைவாணியே போன் செய்தாள். தொட்டில் கட்டிலை விட்டு நகர்ந்துகொண்டே போகிறதாம். பெல்ட் போட்டீர்களா என்றேன். பெட்டியில் பெல்ட்டே இல்லை என்றாள். அட்டையோடு குப்பையில் போட்டிருப்பீர்கள், கண்ணைத் திறந்து பார்க்கக்கூடாதா என்று நன்றாகத் திட்டினேன். அவளோ வந்து பாருங்கள் என்றாள். வேறு ஊருக்குக் கொடுக்கவேண்டிய இரண்டு பெட்டிகளை மொபெட்டின் பின்னால் கட்டிக்கொண்டு, அதே திட்டை மனசுக்குள் வளர்த்தபடி போனேன்.

ஒரே அறையில் தறியும் கட்டிலும். தொட்டில் காலை அவளே ஏற்றி இறக்கி, மட்டத்தைச் சரியாக வைத்திருந்தாள். ஆனால் புருஷன் தறியில் உட்கார்ந்து பலகை அடிக்க அடிக்க, அந்த அதிர்வில் தொட்டில் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போயிருக்கிறது. அவள் தறியின் பாவு நூலை முறுக்கிக் கட்டிப் பார்த்திருக்கிறாள். பட்டு வழுக்கி முடிச்சு இளகிவிட்டது. முந்தாநாள் சமையலறையிலிருந்து வந்து பார்த்தால், இடைவெளி நாலு விரல். குழந்தையின் ஒரு கால் அதற்குள் தொங்கிக்கொண்டிருந்ததாம். அன்றிலிருந்து புருஷனைத் தறியில் உட்காரவிடவில்லை, பிள்ளையையும் மடியைவிட்டு இறக்கவில்லை. இருபத்திமூன்று நாள் குழந்தை. அந்தக் காலைப் பார்த்த பயத்தில் இன்னும் அதிகமாகத் திட்டினேன். பெல்ட் இல்லாமல் யாராவது குழந்தையைப் படுக்கவைப்பார்களா என்று வாசல்வரைக்கும் வந்து கத்தினேன்.

அவள் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். என்னைப் பார்க்கவில்லை, என் மொபெட்டைப் பார்த்தாள். போன மாதம் பெட்டி கட்டக் கயிறு கிடைக்காமல், பார்வைக்கு இருந்த நீலத் தொட்டிலில் இருந்து நான் உருவிக்கொண்டது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அவள் குரலை உயர்த்தவேயில்லை: "அண்ணா, உங்க அட்டப்பெட்டிங்க ஆடாம கீதுங்களே, அந்த நீல பெல்ட்ட அவுத்துக் குடுங்க, எம்புள்ளைக்கு வேணும்."

ஆரணியில் தொட்டில் வாங்குகிறவர்களுக்குக் காது கிடையாது என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன், விற்கிறவனைப் பற்றி யாரும் திருப்பிக் கேட்காத வரைக்கும்.