யார் என்கிற கட்டம்

பாலக்கோடு தக்காளி மண்டிக்குத் தரம் பிரிக்கும் வேலைக்குப் போனபோது காவேரிக்குப் பதினேழு வயது. அவள் பள்ளிக்கூடம் அத்தோடு நின்றது. தங்கை கோகிலவாணியின் படிப்பு நிற்கவில்லை. பி.எஸ்சி. முடித்து இரண்டு வருடம் அலைந்தவளுக்கு இப்போதுதான் வீட்டிலிருந்தே செய்யும் ஒரு வேலை கிடைத்தது: மொழிபெயர்க்கும் கணினிக்கு ஊர்ப்பேச்சைப் பழக்குவது. அதுவும் ஒரு மாதச் சோதனைக்கு.

எந்த மொழியில் பேசினாலும் கணினி அதை முதலில் ஒரு பொது மொழிக்கு மாற்றும்; அங்கிருந்து வேண்டிய மொழிக்குக் கொண்டுபோகும். அந்தப் பொது மொழியில் சொற்கள் இல்லை, கட்டங்கள்தான்: யார், என்ன செய்தார், யாருக்கு. ஊர்ப்பேச்சில் பதிவு செய்த நாற்பது வாக்கியங்களை அந்தக் கட்டங்களில் நிரப்பி அனுப்பியிருந்தாள் கோகிலவாணி. மேற்பார்வையாளர் தமிழ்மணி போன் செய்தார்.

"பதினோரு எடத்துல 'யார்' காலியா இருக்குதுங்க. நாளைக்குள்ள நிரப்பலைன்னா மொத்தமும் திரும்பிரும்."

"நம்ம பேச்சுல ஆளே வர்றதில்லீங்களே சார்."

"'யாரோ'ன்னு போட்டு முடிங்க."

'பெட்டி கவுந்துருச்சு', 'சொல்லியாச்சு' என்று பத்துக்கு 'யாரோ' போட்டாள். பதினொன்றாவது, அக்காவிடம் கேட்டுப் பதிவு செய்தது: "எப்படியோ இவளப் படிக்க வச்சாச்சு."

யாரோவா? எதிரே, தக்காளிச் சாறு பட்டு வெடித்த விரல்கள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தன. 'பேசுபவர்' என்று போட்டாள். கணினி திருப்பித் தந்ததை உரக்கப் படித்தாள்: "நான் இவளைப் படிக்க வைத்தேன்."

"அய்ய, நான் எங்கடி அப்படிச் சொன்னேன்? ஊரே சிரிக்கும். எடு அத."

"நெசந்தானக்கா?"

"நெசம்னா தம்பட்டம் அடிக்கணுமா? ஆச்சுன்னா ஆச்சு. உங்க மெஷினுக்கு ரொம்பத்தான் ஆளு தெரியணும்!"

கோகிலவாணிக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. 'சொந்த முயற்சியில் படித்தேன்' என்று எத்தனை நேர்முகத் தேர்வில் சொல்லியிருக்கிறாள்! அந்த 'ஆச்சு'வுக்குள் பத்து வருடமாக அக்கா இருந்தது ஏன் கண்ணில் படவில்லை?

கட்டத்தைக் காலியாகவே விட்டாள். கீழே குறிப்பெழுதினாள்: 'செய்தவர் பேசுபவரே. ஆனால் தன் வாயால் சொல்லமாட்டார். அந்தச் சொல்லாமையும் பொருளில் சேர்த்தி. யாரோ என்று போட என்னால் முடியவில்லை.' வேலை போனாலும் போகட்டும் என்று அனுப்பிவிட்டாள்.

மறுநாள் தமிழ்மணி கூப்பிட்டார். "இதுக்கு நம்மகிட்ட கட்டமே இல்லீங்க. புதுசா ஒண்ணு வேணும்னு மேல கேட்டிருக்கேன். நீங்க அடுத்த மாசமும் தொடருங்க. அந்தப் பத்து 'யாரோ'வையும் இன்னொரு தரம் பாத்துருங்க, எனக்கே சந்தேகம் வந்துருச்சு."

சாயங்காலம் பஸ் இறங்கி வந்த காவேரியை வாசலிலேயே மறித்தாள். "அக்கா, நீதான் என்னைப் படிக்க வச்ச."

"தெரியுதில்ல? நகரு, கால் கழுவணும்."